யாரை எங்கே நிறுத்துவது: ‘மாஸ் எஃபெக்ட் 2’ ஆட்டத்தில் போரும் கதையும்

துப்பாக்கிச் சண்டையை மையமாகக் கொண்ட வீடியோ கேம் ஒன்றில் குறி தவறினால் அது விளையாடுபவரின் கைப்பிழை. ஆர்பிஜி என்று அழைக்கப்படும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் குறி தவறுவதற்குக் காரணம், பாத்திரத்தின் திறனுக்கு ஒதுக்கப்பட்ட புள்ளிகள் குறைவாக இருப்பது. இவ்விரண்டையும் ஒரே ஆட்டத்தில் இணைக்க முற்படும் எவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, துப்பாக்கியின் விசையை உண்மையில் அழுத்துவது யார் என்பதுதான். கனடாவின் எட்மன்டன் நகரில் உள்ள பயோவேர் நிறுவனம் 2007 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-க்காக வெளியிட்ட விண்வெளிக் கதையான ‘மாஸ் எஃபெக்ட்’ இந்தக் கேள்விக்கு அரைகுறையான விடையையே தந்தது. எதிரியின் நெற்றிக்கு நேராகக் குறிவட்டத்தை நிறுத்திச் சுட்டாலும், விளையாடுபவர் ஏற்கும் பாத்திரமான தளபதி ஷெப்பர்டுக்கு அந்த ஆயுதத்தில் போதிய பயிற்சிப் புள்ளிகள் இல்லையென்றால் குண்டு விலகிச் செல்லும்; ஸ்னைப்பர் துப்பாக்கியின் குறி நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருக்கும். கதைப்படி ஷெப்பர்ட் மனித இனத்தின் மிகச் சிறந்த படைவீரர்களுள் ஒருவர் என்பதால், இந்தத் தடுமாற்றம் ஆட்டமுறையின் குறையாக மட்டும் நிற்காமல் கதை சொன்னதையே மறுப்பதாகவும் அமைந்தது.

2010 ஜனவரி 26 அன்று வெளிவந்த இரண்டாம் பாகம் இதைச் சரிசெய்த விதம்தான் இன்றுவரை பேசப்படுகிறது. கேசி ஹட்சன் இயக்கத்தில் உருவான இந்தப் பாகத்தில் கை விளையாடுபவருக்கே உரியது என்று முடிவாயிற்று. குறிவட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் குண்டு செல்லும். முதல் பாகத்தில் 150 பொருட்கள் வரை சேர்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கழிக்க வேண்டியிருந்த ஆயுதப் பை முழுவதுமாக நீக்கப்பட்டது. ஆட்டமுறை வடிவமைப்பை முன்னின்று நடத்திய கிறிஸ்டினா நார்மன், அந்தப் பை எங்கே போயிற்று என்று கேட்கும் தலைப்பிலேயே 2010-ஆம் ஆண்டு கேம் உருவாக்குநர் மாநாட்டில் உரையாற்றினார். எண்களும் பட்டியல்களும் குறைந்ததால் இது இனி ஆர்பிஜியே இல்லை என்று அப்போது பலர் வருந்தினர். அந்த வருத்தத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் எண்கள் மறைந்துவிடவில்லை, துப்பாக்கியிலிருந்து விலகி மனிதர்களிடம் போய்ச் சேர்ந்தன என்பதே என் வாதம்.

முதலில் போர்க்களத்தைப் பார்ப்போம். எதிரியின் உயிர்ப்பட்டைக்கு மேல் மூன்று வகையான காப்புகளுள் ஒன்றோ சிலவோ இருக்கலாம்: தொழில்நுட்ப ஷீல்டு, உடலோடு பொருந்திய கவசம், மனவலிமையால் புவியீர்ப்பை வளைக்கும் பயோடிக்குகள் தம்மைச் சுற்றி எழுப்பிக்கொள்ளும் பேரியர். ஓவர்லோடு என்னும் மின்தாக்கு ஷீல்டைக் கலைக்கும். இன்சினரேட் என்னும் தீத்தாக்கு கவசத்தை உருக்கும். வார்ப் என்னும் பயோடிக் தாக்கு பேரியரையும் கவசத்தையும் கிழிக்கும். எதிரியை அந்தரத்தில் தூக்கி எறியும் ஆற்றல்கள் இக்காப்புகள் அனைத்தும் நீங்கிய பிறகே பலிக்கும். ஹார்ட்கோர், இன்சேனிட்டி ஆகிய கடின நிலைகளில் அடிமட்ட எதிரிக்கும் ஏதேனும் ஒரு காப்பு உண்டு என்பதால், எந்த வரிசையில் எதைப் பயன்படுத்துவது என்ற சிந்தனை அங்கே தவிர்க்க முடியாததாகிறது. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் களம் உறைந்து நிற்கும். அந்த அமைதியில் ஷெப்பர்டுடன் வரும் இரு துணைவர்களுக்கும் தனித்தனியே ஆணையிடலாம். சுடுவது கையின் வேலையாகவும் ஆணையிடுவது மூளையின் வேலையாகவும் பிரிந்துகொண்டதால், முதல் பாகத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட இரண்டு விளையாட்டுகளும் இங்கே தத்தம் இடத்தில் அமர்ந்தன.

இந்த மூன்று காப்புகளும் வெறும் விதிகளாகவும் நின்றுவிடவில்லை. க்ரோகன் என்ற வேற்றுக்கோள் இனத்தவருக்குத் தடித்த கவசம், பயோடிக்குகளுக்குப் பேரியர், பயிற்சி பெற்ற கூலிப்படையினருக்கு ஷீல்டு என்று அவை பகிரப்பட்டிருப்பதால், ஓர் எதிரியின் பட்டை என்ன நிறத்தில் இருக்கிறது என்பதே அவர் எங்கிருந்து வந்தவர், எப்படிப்பட்டவர் என்பதற்கான முதல் அறிமுகமாகிறது. வோர்ச்சா என்ற இனம் காயங்களைத் தானாகவே ஆற்றிக்கொள்ளும், தீ மட்டுமே அதைத் தடுக்கும் என்ற உயிரியல் செய்தியை நாம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, சுட்டு வீழ்த்தியதாக எண்ணிய ஒன்று மீண்டும் எழுந்து வரும்போது வேகமாகக் கற்றுக்கொள்கிறோம்.

போரும் கதையும் மிக நெருக்கமாகப் பின்னிய இடம் எது என்று கேட்டால், ஒமேகா விண்வெளி நிலையத்தில் நடக்கும் ஆர்க்கேஞ்சல் அத்தியாயத்தையே சுட்டிக்காட்டுவேன். ஆர்க்கேஞ்சல் என்ற பெயரில் ஒளிந்திருக்கும் துப்பாக்கி வீரர் ஒருவரைக் கொல்ல, ஒருவரையொருவர் வெறுக்கும் மூன்று கூலிப்படைகள் கைகோத்திருக்கின்றன. ஷெப்பர்ட் அவர்களிடம் கூலிக்குச் சேர்ந்தவர் போல நடித்து முகாமுக்குள் நுழைகிறார். அங்கே ஓய்வாக நடந்து திரியும் அந்தப் பத்து நிமிடங்களில் ஒரு குண்டும் வெடிப்பதில்லை. ஆனால் சண்டை அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரு மூலையில், அம்மூன்று படைகளுள் ஒன்றான எக்லிப்ஸின் பெரிய போர் எந்திரம் நிற்கிறது. யாரும் பார்க்காதபோது அதன் நினைவகத்தில் கைவைத்தால், பிறகு அது களத்துக்கு வரும்போது தன் படையினரையே சுடும். இன்னொரு பக்கம் கத்கா என்ற சார்ஜென்ட், பழுதான வான்கலம் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். அவருடன் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்தில் சிவப்புக் குறி ஒன்று சில கணங்கள் மின்னும். அதை அழுத்தினால் ஷெப்பர்ட் அங்கே கிடக்கும் மின்கருவியை எடுத்து அவர் முதுகில் பாய்ச்சிவிடுவார். எக்ஸ்பாக்ஸில் அதற்கான பொத்தான், களத்தில் துப்பாக்கி சுடுவதற்கான அதே வலது விசை. அப்படிச் செய்தவருக்கு, அத்தியாயத்தின் முடிவில் அந்த வான்கலம் அரைகுறைப் பழுதுடன், குறைந்த வலிமையோடு வந்து சேரும். உரையாடலின் நடுவே எடுத்த ஒரு கொடூரமான முடிவு இறுதிச் சண்டையை எளிதாக்குகிறது. செய்யாதவர் தம் நேர்மைக்கான விலையைக் களத்தில் கட்டுகிறார்.

ஆர்க்கேஞ்சலின் மறைவிடத்துக்குச் செல்லும் பாலத்தைக் கடந்து மேலே சென்றதும், தலைக்கவசத்தைக் கழற்றும் ஆர்க்கேஞ்சல் முதல் பாகத்தில் நம்முடன் இருந்த காரஸ் என்று தெரிகிறது. அதன் பின் அந்தப் பாலத்தை நோக்கி வரும் ஒவ்வொரு படையும் தன் இயல்புக்கேற்ற விதத்தில் சண்டையிடுகிறது. இறுதியில் வான்கலத்தின் ஏவுகணை காரஸின் முகத்தைச் சிதைக்கிறது. அந்த வடு தொடரின் கடைசிவரை அவர் முகத்தில் இருக்கும். சண்டையில் நடந்த ஒன்று கதையில் தழும்பாக நிலைப்பதற்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இரண்டாம் பாகத்தின் மையக் கதை எளிமையானது. கலெக்டர்கள் என்ற இனம் மனிதக் குடியிருப்புகளைக் கவர்ந்து செல்கிறது. யாரும் மீண்டதில்லை என்று சொல்லப்படும் ஒமேகா 4 ரிலே என்னும் விண்வெளி வாயில் வழியாகச் சென்று அவர்களைத் தாக்க வேண்டும். எஞ்சிய நேரம் முழுவதும் ஆட்களைத் திரட்டுவதிலும், திரட்டியவர்களின் மனச்சுமையை இறக்கிவைப்பதிலும் கழிகிறது. துணைவர்கள் பத்துப் பேர்; தனியாகப் பெறக்கூடிய சையீத், கசுமி ஆகியோரையும் சேர்த்தால் பன்னிரண்டு. ஒவ்வொருவருக்கும் விசுவாசப் பயணம் என்றோர் அத்தியாயம் உண்டு. இவற்றில் சிலவற்றில் துப்பாக்கி ஏறக்குறைய வெளியே வருவதே இல்லை. சமாராவுக்கான அத்தியாயத்தில் ஷெப்பர்ட் ஓர் இரவு விடுதியில் தனியாக அமர்ந்து, ஒரு கொலைகாரியின் கவனத்தைத் தம் பேச்சால் ஈர்க்க வேண்டும். டாலிக்கான அத்தியாயத்தில் அவள் தன் இனத்தின் கப்பற்படை முன் துரோகக் குற்றச்சாட்டை எதிர்கொள்கிறாள். குற்றம் செய்தவர் இறந்துபோன தந்தை என்பதற்கான சான்று ஷெப்பர்டின் கையில் இருக்கிறது. அதை அவையில் வைத்தால் டாலி விடுதலையாவாள், ஆனால் அவளுடைய விசுவாசம் போய்விடும். அதற்கு முன்பு ஹேஸ்ட்ராம் என்ற கோளில் நடந்த சண்டையில் கால்ரீகர் என்ற வீரரை உயிருடன் மீட்டிருந்தால், அவர் இங்கே வந்து டாலிக்காகக் குரல் கொடுப்பார். களத்தில் காத்த உயிர் ஒன்று, வழக்காடு மன்றத்தில் சாட்சியாக எழுந்து நிற்கிறது.

இந்த அத்தியாயங்களை முதன்முறை ஆடும்போது அவை தனித்தனிச் சிறுகதைகளாகவே தோன்றும். அவை அனைத்தும் ஒரு தேர்வுக்கான பாடம் என்பது ரிலேயைக் கடந்த பிறகுதான் விளங்கும்.

தற்கொலைப் பயணம் என்று ஆட்டமே பெயரிடும் அந்த இறுதி அத்தியாயத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். முதல் சோதனை கப்பலுக்கு. துணைவர்களுள் கவசத்தைப் பற்றி ஜேக்கபும், ஷீல்டைப் பற்றி டாலியும், பீரங்கியைப் பற்றி காரஸும் முன்பே யோசனை சொல்லியிருப்பார்கள். கேட்டுச் செய்திருந்தால் கப்பல் தப்பும், கேளாதிருந்தால் ஒவ்வொரு குறைக்கும் ஒருவர் கப்பலுக்குள்ளேயே இறப்பார். கவசம் இல்லாத கப்பலில் இறப்பது ஜாக் என்ற பயோடிக் துணைவர். அடுத்து, எதிரியின் தளத்துக்குள் ஒருவர் குழாய்ப்பாதை வழியாகத் தவழ்ந்து சென்று கதவைத் திறக்க வேண்டும். இன்னொருவர் இரண்டாவது அணியை வழிநடத்த வேண்டும். பிறகு மொய்க்கும் பூச்சிக்கூட்டத்தினூடே பயோடிக் வளையம் ஒன்றைத் தாங்கி நடக்க ஒருவர் வேண்டும்.

அப்போது துணைவர்கள் தாமாக முன்வந்து பேசுவார்கள். குழாய்க்குள் செல்வதாக ஜேக்கப் சொல்வார். அவர் துணிச்சல்காரர், ஆனால் அந்த வேலைக்குத் தேவை தொழில்நுட்ப அறிவு. எந்தப் பயோடிக்காலும் வளையத்தைத் தாங்க முடியும் என்ற தோரணையில் மிராண்டா பேசுவார். அவரை நம்பி நிறுத்தினால் வளையம் ஒடுங்கும். அதே மிராண்டா இரண்டாவது அணியை நடத்தத் தகுதியானவர், ஆனால் அந்த இடத்தில் ஜாக் அவரை ஏளனம் செய்து நம்மைக் குழப்புவார். சரியான விடை எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஜாக்கின் சிறைவாசத்தையும் அவரை வைத்து நடத்திய சோதனைகளையும் கேட்டறிந்தவருக்கு அவருடைய ஆற்றலின் அளவு தெரியும்; ஒமேகாவில் காரஸ் தனக்கென ஓர் அணி அமைத்துப் போராடியதை நினைவில் வைத்திருப்பவருக்கு யாரைத் தலைவராக்குவது என்று தெரியும். முப்பது மணி நேரம் நாம் கேட்ட கதைகளே இங்கே போர்த்தந்திரமாக மாறுகின்றன.

தவறான தேர்வின் தண்டனை யார் மீது விழுகிறது என்பதைக் கவனித்தால் வடிவமைப்பாளர்களின் நுட்பம் புலப்படும். இரண்டாவது அணிக்கு முதலில் நியமித்த தலைவர் தகுதியற்றவர் என்றால் இறப்பது அவரல்லர், குழாயிலிருந்து வெளியே வந்து கதவை மூட முயலும் தொழில்நுட்பர். வளையத்தைத் தாங்குபவர் தளர்ந்தால் இறப்பது அவரல்லர், ஷெப்பர்டுடன் நடந்த துணைவர்களுள் ஒருவர்; பூச்சிக்கூட்டம் அவரைத் தூக்கிச் செல்லும். தகுதியற்றவரை நியமித்த தளபதியின் பிழைக்கு, தன் கடமையைச் சரியாகச் செய்த ஒருவர் பலியாகிறார். படைத்தலைமை என்பதன் பாரத்தை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன வேறொரு கேமை நான் கண்டதில்லை.

கடைசிச் சோதனையின் பின்னணியில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. இருவரை அழைத்துக்கொண்டு ஷெப்பர்ட் முன்னேற, எஞ்சியவர்கள் கதவருகே நின்று எதிரிகளைத் தடுக்க வேண்டும். விசுவாசமாக உள்ள க்ரண்ட், சையீத், காரஸ் ஆகியோருக்குத் தலா 4 தடுப்புப் புள்ளிகள், மோர்டின், டாலி, ஜாக், கசுமி ஆகியோருக்குத் தலா 1, மற்றவர்களுக்கு 2. விசுவாசம் இல்லையென்றால் ஒவ்வொருவருக்கும் ஒன்று குறையும். ஐந்து பேரோ அதற்கு மேலோ நின்றால் சராசரி 2-ஐ எட்ட வேண்டும், எட்டாவிட்டால் உயிர்ப்பலி. பத்துத் துணைவர்கள் உள்ள ஒருவர், வலிமையானவர்கள் என்று எண்ணி காரஸையும் க்ரண்டையும் தம்முடன் அழைத்துச் சென்று, மீட்கப்பட்ட கப்பல் பணியாளர்களுக்குத் துணையாக லீஜியன் என்ற துணைவரை அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். கதவருகே எஞ்சும் ஏழு பேரின் கூட்டல் 11, சராசரி ஏறத்தாழ 1.57. ஒருவர் இறப்பார், எல்லோரும் விசுவாசமாக இருந்தால் அவர் மோர்டின்தான். மாறாக, டாலியையும் ஜாக்கையும் தம்முடன் அழைத்துக்கொண்டு மோர்டினைப் பணியாளர்களோடு கப்பலுக்கு அனுப்பியிருந்தால், அதே ஏழு இடங்களின் கூட்டல் 18 ஆகும், யாரும் இறப்பதில்லை. முதிய அறிவியலாளரான மோர்டினைச் சண்டையிலிருந்து விலக்கி, காயம்பட்டவர்களோடு அனுப்புவதும், பலசாலிகளைப் பின்னால் காவலுக்கு நிறுத்துவதும் கணக்குத் தெரியாத ஒருவருக்கும் பொது அறிவால் எட்டக்கூடிய முடிவுகள். கணக்கு அந்தப் பொது அறிவை மதிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு துணைவர்களாவது பிழைக்கவில்லையென்றால் ஷெப்பர்டே இறந்துவிடுவார், அந்தக் கதையை மூன்றாம் பாகத்துக்குக் கொண்டுசெல்லவும் முடியாது.

இத்தனை சொன்ன பிறகு குறைகளை மறைப்பது நேர்மையாகாது. வழக்கமான சண்டைகளில் துணைவர்கள் எத்தனை முறை வீழ்ந்தாலும் மயங்கியவர்களாகவே கருதப்படுகிறார்கள். யூனிட்டி என்ற ஆற்றலால் உடனே எழுப்பிவிடலாம். ஆட்டம் முழுவதும் உயிருக்கு விலையே இல்லாதிருந்துவிட்டு இறுதி அத்தியாயத்தில் மட்டும் விலை வைக்கப்படுவது, யோசித்துப் பார்த்தால் நெருடுகிறது. இடுப்பளவுப் பெட்டிகள் வரிசையாக நிற்கும் அறைக்குள் நுழைந்ததுமே சண்டை வரப்போவது தெரிந்துவிடுகிறது. இறுதி எதிரியாக வரும் பிரம்மாண்டமான எந்திர எலும்புக்கூட்டை வீழ்த்த, முதலில் ஒளிரும் குழாய்களையும் பிறகு அதன் கண்களையும் சுட்டால் போதும். அதுவரை நாம் கற்ற எதுவும் அங்கே பயன்படுவதில்லை.

ஆயுதங்களைப் பற்றிய முரண் இன்னும் வெளிப்படையானது. முதல் பாகத்தின் உலகில் துப்பாக்கிக்குத் தோட்டா தீர்வதில்லை. உள்ளே இருக்கும் உலோகக் கட்டியிலிருந்து மணல் போன்ற துகளைச் செதுக்கி அது பெருவேகத்தில் செலுத்தும், வெப்பம் ஏறுவது ஒன்றே தடை. இரண்டாம் பாகம் சண்டையின் வேகத்துக்காக, வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியே விழும் தெர்மல் கிளிப்புகளைக் கொண்டுவந்து, இது இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் என்று விளக்கமளித்தது. ஆனால் ஜேக்கபின் விசுவாசப் பயணத்தில், பத்து ஆண்டுகளுக்கு முன்பே நொறுங்கி விழுந்த கப்பலைச் சுற்றியும் அதே கிளிப்புகள் கிடக்கின்றன. ஆட்டமுறைக்காகக் கதையை வளைத்தவர்கள் வளைத்த இடத்தை மூட மறந்துவிட்டார்கள்.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நற்பண்பைக் குறிக்கும் நீல நிறப் பேராகன், இரக்கமற்ற போக்கைக் குறிக்கும் சிவப்பு நிற ரெனகேடு என்ற இரு அளவுகோல்கள். ஜாக்கும் மிராண்டாவும் மோதிக்கொள்ளும்போது இருவரையும் இழக்காமல் சமாதானம் செய்ய, இந்த அளவுகோல்களுள் ஒன்று உயர்ந்திருக்க வேண்டும். அதனால் விளையாடுபவர் ஒவ்வொரு சூழலையும் எடைபோட்டுப் பதில் சொல்வதை விட்டுவிட்டு, நீலத்தையோ சிவப்பையோ தொடர்ந்து தேர்ந்தெடுக்கப் பழகிவிடுகிறார். மனிதர்களைக் கவனிப்பதற்குப் பரிசளிக்கும் ஓர் ஆட்டம், இந்த ஓரிடத்தில் பட்டையைக் கவனிக்கச் சொல்கிறது.

2012 மார்ச்சில் வந்த மூன்றாம் பாகத்தில் சண்டை இன்னும் செழுமை பெற்றது. ஆயுதத்தின் எடை கூடக் கூட ஆற்றல்கள் மீள்வது தாமதமாகும். ஒருவர் தொடங்கிய பயோடிக் தாக்கை இன்னொருவர் வெடிக்கச் செய்யலாம். ஆனால் திரட்டிய படைகளும் மனிதர்களும் போர்ச் சொத்து என்ற பெயரில் ஒரே பெருந்தொகையாகக் கூட்டப்பட்டதால், யாரை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி இறுதிக்கட்டத்தில் இல்லாமல் போயிற்று. முடிவின் மீது எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, அதே ஆண்டு ஜூனில் விரிவாக்கப்பட்ட முடிவு இலவசமாக வெளியிடப்பட்டது. அந்த எதிர்ப்பின் ஒரு வேர், மனிதர்கள் தொகையாகக் கரைந்துபோன இந்த மாற்றத்தில் இருப்பதாகக் கருதுகிறேன்.

எனினும், மூன்று பாகங்களின் இழைகளும் கூடும் ஓரிடம் அதற்குள் இருக்கிறது. க்ரோகன்களின் பிறப்பு விகிதத்தை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்த ஜெனோஃபேஜ் என்ற நோயைக் குணப்படுத்தும் மருந்தை, டுச்சாங்கா கோளில் ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து பரப்ப வேண்டும். இரண்டாம் பாகத்தின் கதவருகே மோர்டின் இறந்திருந்தால், அங்கே நிற்பவர், மோர்டினின் சலாரியன் இனத்தைச் சேர்ந்த பாடோக் விக்ஸ் என்ற வேறொருவர். பிழைத்திருந்தால், அந்த நோயை ஒரு காலத்தில் வலுப்படுத்திய மோர்டினே அதைத் தீர்க்க மேலே ஏறுகிறார், திரும்பி வர முடியாது என்று தெரிந்தே. முதல் பாகத்தில் க்ரோகன் துணைவரான ரெக்ஸ் இறந்து, இரண்டாம் பாகத்தில் அந்த மருந்துக்கான ஆய்வுத் தரவுகளும் அழிக்கப்பட்டிருந்தால் மட்டும், போக வேண்டாம் என்று அவரைச் சம்மதிக்க வைக்க இயலும். மருந்தைச் செயலிழக்கச் செய்வதாக சலாரியன் தலைவியிடம் ஒப்புக்கொண்ட ஷெப்பர்டுக்கு வேறொரு வழி காட்டப்படும். மோர்டின் மின்தூக்கியை நோக்கித் திரும்பி நடக்கும்போது திரையின் ஓரத்தில் சிவப்புக் குறி மின்னுகிறது. எக்ஸ்பாக்ஸில் அதற்கு அழுத்த வேண்டியது, நூறு சண்டைகளில் எதிரிகளைச் சுடுவதற்கு அழுத்திய அதே வலது விசை.